உளுந்துக்குள் நிற்பது நாய்க்கடுகா? தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

புரட்டாசியில் விதைத்த மானாவாரி உளுந்துக்கு 15 நாள் ஆகியிருக்கும். களையெடுக்க வந்த பெண்கள் நிரையில் குனிந்தபடியே குரல் கொடுப்பார்கள்: "அண்ணாச்சி, இந்த மூணு எலையப் பறிக்கவா, விடவா?" அந்த நிமிஷமே பதில் சொல்ல வேண்டும். யோசித்து நின்றால் நிரை தாண்டிப் போய்விடும். கயத்தாறு பக்கத்துக் கரிசலில் உளுந்தும் பாசியும் பருத்தியும் போடுகிற எங்களுக்கு வருஷா வருஷம் வருகிற கேள்வி இது.

அந்த மூன்று இலை பெரும்பாலும் நாய்க்கடுகுதான். நாய்வேளை என்றும் சொல்வார்கள். தாவரவியல் பெயர் கிளியோம் விஸ்கோசா. விஸ்கோசா என்றால் லத்தீனில் 'பிசுபிசுப்பானது' என்று பொருள். 1753-இல் லின்னேயஸ் என்ற சுவீடன் தாவரவியல் அறிஞர் இதற்குப் பெயர் வைத்தபோது பூவின் நிறத்தையோ இலையின் வடிவத்தையோ எடுத்துக்கொள்ளவில்லை, ஒட்டுவதைத்தான் எடுத்துக்கொண்டார். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம். பூ வரட்டும், நிறம் பார்த்துச் சொல்லலாம் என்று காத்திருந்தால் உளுந்துக்குப் போக வேண்டிய ஈரத்தை அது குடித்து முடித்திருக்கும். முதல் 30 நாளில் களை நின்றால் உளுந்து அப்புறம் தேறுவது கடினம். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியாக எழுதுகிறேன். உங்கள் காட்டில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்குப் போங்கள்.

மூன்று இலை தெரிகிறது, பூ இல்லை. உளுந்தா, களையா?

இதுதான் அதிகம் ஏமாற்றுகிற கட்டம். உளுந்துக்கும் மூன்று இலை, நாய்க்கடுகுக்கும் இளசில் மூன்று இலை. மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு இலைக் கொத்தைப் பறித்து உள்ளங்கையில் மல்லாத்தி வையுங்கள். மூன்று இலையும் எங்கே வந்து சேர்கின்றன என்று பாருங்கள்.

உளுந்தில் பக்கத்து இலை இரண்டும் எதிரெதிராக ஓர் இடத்தில் சேரும். நடு இலை மட்டும் கொஞ்சம் தள்ளி, தனக்கென்று ஒரு குட்டிக் காம்பு வைத்து நிற்கும். நாய்க்கடுகில் அப்படி இல்லை. உள்ளங்கையிலிருந்து விரல் பிரிகிற மாதிரி எல்லா இலையும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும். செடி வளர வளரக் கீழ்ப்பக்கத்து இலைகளில் ஐந்து விரல்கூட வரும், உச்சியில் மூன்றுதான். பாசிப்பயறுக்கும் தட்டைப்பயறுக்கும் உளுந்துக்குச் சொன்னதேதான், நடு இலைக்குத் தனிக்காம்பு உண்டு.

இது சந்தேகமாக இருந்தால் தண்டைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, கீழிருந்து மேலாக ஒரு தடவை உருவுங்கள். உளுந்துத் தண்டிலும் ரோமம் உண்டு, சொரசொரக்கும், ஆனால் ஒட்டாது. நாய்க்கடுகை உருவினால் விரல் இரண்டும் பசை தடவினதுபோல் ஒட்டிக்கொண்டு பிரியும். மோந்து பாருங்கள். கடுகை இடித்த காரமும் பச்சைச் செடியின் வீச்சமும் கலந்த ஒரு நெடி. கடுகுச் செடி வகையறாவும் இதுவும் தூரத்துச் சொந்தம். கடுகுக்குக் காரம் தருகிற, கந்தகம் சேர்ந்த குளுக்கோசினோலேட் என்ற பொருள்கள் இந்த இனத்திலும் உண்டு. அதனால்தான் நம் ஆட்கள் கடுகு என்ற பெயரை இதற்கும் வைத்தார்கள்.

நான் வழக்கமாக வெயில் சாய்ந்த பிறகு ஒரு நடை நடப்பேன். மேற்கே பார்த்து உட்கார்ந்து செடியின் தண்டை வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால், ஒவ்வொரு ரோமத்தின் நுனியிலும் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளி மின்னும். அந்தத் துளிதான் பசை. கரிசல் புழுதி அதில் படிந்து தண்டு கறுத்துப் போயிருக்கும். செத்த கொசு, சின்னப் பூச்சி என்று நாலைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். உளுந்தில் இது கிடையாது. விடிகாலைப் பனியில் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ள வேண்டாம். ஈரத்தில் எல்லாச் செடியும் கையில் ஒட்டுவதுபோல்தான் இருக்கும்.

ஒட்டுகிறது, நெடி அடிக்கிறது. ஆனால் பூ வெள்ளை

நில்லுங்கள், இதைக் களைவெட்டியால் கொத்த வேண்டாம். இது நல்வேளை. தைவேளை என்பதும் இதையே. நம் வீட்டுக் கீரை.

ஒரு வருஷம் இரண்டையும் ஒன்று என்று நினைத்து எல்லாவற்றையும் பறிக்கச் சொல்லிவிட்டேன். சாயங்காலம் வரப்பில் வாடிக் கிடந்த குவியலைப் பார்த்துவிட்டு எங்கள் ஆச்சி என்னிடம் பேசவே இல்லை. அந்தக் குவியலுக்குள் கையை விட்டு, வெள்ளைப் பூச் செடிகளின் கொழுந்தை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளி முந்தானையில் சேர்த்துக்கொண்டு போனாள். அன்று ராத்திரி புளி விட்டு ஒரு குழம்பு. அந்தக் கசப்பும் புளிப்பும் இன்னும் நாக்கில் இருக்கிறது. வேளையின் வெள்ளைப் பூவைத் தயிரில் சேர்த்துச் சமைத்த பேச்சு சங்கப் பாட்டிலேயே வருகிறது. அவ்வளவு காலமாக நாம் சாப்பிடுகிற செடியை நான் ஒரே பகலில் குவித்துப் போட்டேன் என்பதுதான் அவளுக்கு வருத்தம்.

பூ இருந்தால் சிக்கலே இல்லை. நாய்க்கடுகுக்கு மஞ்சளாக நான்கு இதழ், நடுவில் மகரந்தத் தாள்கள் ஒரு கொத்தாக, பத்துக்கும் மேலே இருக்கும். நல்வேளைக்கு வெள்ளையாக நான்கு இதழ், சில செடியில் லேசாக ரோஸ் ஓடியிருக்கும். மகரந்தத் தாள் எண்ணி ஆறுதான். அந்த ஆறும் இதழுக்கு மேலே ஒரு தண்டில் ஏறிப்போய் நின்று, பூனை மீசை மாதிரி விரிந்திருக்கும்.

பூ உதிர்ந்து காய் மட்டும் நிற்கும்போதுதான் ஆட்கள் குழம்புகிறார்கள். இரண்டுக்கும் காய் நீளமாக, ஒல்லியாக இருக்கும். அப்போது காயைப் பார்க்க வேண்டாம், காய்க்குக் கீழே இருக்கும் காம்பைப் பாருங்கள். நல்வேளையில் காய்க்குக் கீழே நூல் மாதிரி ஒரு காம்பு, அதில் பாதியில் சின்னதாய் ஒரு கணு, அதற்கும் கீழே மறுபடி காம்பு. ஆறு தாளும் உதிர்ந்த தழும்புதான் அந்தக் கணு. நாய்க்கடுகில் இந்த ஏற்பாடே இல்லை. பூக்காம்பு முடிகிற இடத்திலேயே காய் நேராக உட்கார்ந்திருக்கும். அதோடு நாய்க்கடுகுக் காய் வானத்தைப் பார்த்து விறைத்து நிற்கும். மேலெல்லாம் நெடுக வரி ஓடி, ரோமமும் பசையுமாக இருக்கும்.

நல்வேளையையும் உளுந்து நிரைக்குள் விட முடியாது, அதுவும் ஈரத்தைக் குடிக்கும். ஆனால் வேரோடு பிடுங்கிக் குவிப்பதற்கு முன்னால் கொழுந்தைக் கிள்ளி எடுத்துவிடலாம். வரப்பு ஓரத்தில் நாலு செடியை விட்டு வைத்தால் மார்கழி வரைக்கும் கீரைக்கு ஆகும். களைக்கொல்லி அடித்த காட்டில் மட்டும் கிள்ள வேண்டாம்.

பூ மஞ்சள். ஆனால் ஒட்டவில்லை

அப்படியானால் அது நாய்க்கடுகு இல்லை. இதழை எண்ணுங்கள்.

நான்கு இதழ் இருந்து, செடி நிற்கிற இடம் தண்ணீர் தேங்கும் நெல் வயல் என்றால் அது நீர்க்கிராம்பு. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்திலும் வரப்போரமாக நிற்கும். இலை விரல் விரலாகப் பிரியாது, தனி இலை. காயைப் பார்த்தால் பெயர்க் காரணம் தெரிந்துவிடும், அசல் கிராம்பு மாதிரி இருக்கும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்து வயல்காரர்கள் 'மஞ்சள் பூ, நாலு இதழ்' என்று போனில் சொன்னால் நான் முதலில் கேட்பது, காலில் சேறு ஒட்டுகிறதா, புழுதி ஒட்டுகிறதா என்றுதான். நாய்க்கடுகு காய்ந்த காட்டுச் செடி. தேங்கின தண்ணீரில் அதைத் தேட வேண்டாம்.

ஐந்து இதழ் என்றால் தகரையைப் பாருங்கள். இலை ஜோடி ஜோடியாக, பெரும்பாலும் மூன்று ஜோடி. காய் அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். சணல் இனத்துக் களை ஒன்றும் உண்டு, அதற்கும் ஐந்து மஞ்சள் இதழ், நீளக் காய். ஆனால் தனி இலை, ஓரம் ரம்பப் பல், இலையடியில் இரண்டு வால் மாதிரி நூல் தொங்கும். அந்த வாலைப் பார்த்துவிட்டால் வேறு சோதனை வேண்டாம்.

செடி ஒட்டவில்லை, விதைதான் துணியில் ஒட்டுகிறது

மூக்கிரட்டை. தரையோடு படர்ந்திருக்கும், பூ பொடியாக ரோஸ் நிறத்தில் இருக்கும்.

செல்போன் செயலி வேறு ஏதோ பெயர் சொல்கிறது

இப்போது பிள்ளைகள் போட்டோ எடுத்து உடனே பெயர் கேட்டுவிடுகிறார்கள். போன வருஷம் தம்பி மகன் காட்டில் ஒரு செடியைப் படம் எடுத்துவிட்டு, "பெரியப்பா, இது பெப்பர்வீடாம், மிளகுக் களையாம்" என்றான். அந்தப் படத்தில் பூ சரியாகத் தெரியவில்லை, காய் வெளிச்சத்தில் மங்கியிருந்தது. செயலியைக் குறை சொல்ல முடியாது, அதற்குக் கொடுத்த படம் அப்படி.

செயலி சொன்ன பெப்பர்வீட் லெப்பிடியம் இனத்தைச் சேர்ந்தது. அதில் பரவலாகப் பேசப்படுகிற ஒன்று வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. அது கடுகுக் குடும்பம், அதற்கும் காரம் உண்டு. அதனால் பெயரளவில் நாய்க்கடுகுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆனால் காயைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். பெப்பர்வீட் காய் நீளமே இல்லை. தட்டையாக, வட்டமாக, 3 மில்லிமீட்டர் அளவில், சின்னச் சில்லறைக் காசு மாதிரி இருக்கும். உச்சியில் நகத்தால் கிள்ளினதுபோல் ஒரு பிளவு. ஒரு காய்க்கு இரண்டே விதை. பூ ரொம்பப் பொடி. நாய்க்கடுகுக் காயோ விரல் நீளம், அதற்குள் விதை வரிசை வரிசையாக அடைந்திருக்கும். தம்பி மகனை மறுபடி காட்டுக்குக் கூட்டிப்போய், ஒரு காயை உடைத்துக் கையில் கொட்டிக் காட்டினேன். வட்டக் காசு ஒன்றும் இல்லை, நீளக் காய்தான்.

படம் எடுப்பதாக இருந்தால் செடி முழுவதையும் தூரத்திலிருந்து எடுப்பதில் பயனில்லை. பூ ஒன்று, காய் ஒன்று, இலைக்காம்பு தண்டில் சேருமிடம் ஒன்று என்று மூன்று படம் கிட்டத்தில் எடுங்கள். பின்னால் ஒரு வெள்ளைத் துண்டைப் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

வெள்ளைப் பூ பொடிப்பொடியாக இருந்து, இலை முள்ளங்கி இலையைக் கிழித்ததுபோல் வெட்டுவெட்டாக இருந்தால் அது பார்த்தீனியமாக இருக்கலாம். அதை வெறுங்கையால் தொட வேண்டாம், தோலில் அரிப்பும் தடிப்பும் வரும். மேலே சொன்ன தொட்டுப் பார்க்கும் சோதனைக்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு.

அறுவடையில் கறுப்பாகக் கடுகு மாதிரி விதை கலந்திருக்கிறது

உளுந்தில் கலந்தால் பெரிய கஷ்டம் இல்லை. நாய்க்கடுகு விதை ஒன்றரை மில்லிமீட்டர்தான், உளுந்து அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சல்லடையில் போட்டால் களை விதை கீழே போய்விடும். எள்ளில், குதிரைவாலியில் கலந்தால்தான் மெனக்கெட வேண்டும். சலித்த விதையைக் குப்பையில் கொட்டக் கூடாது. அது எருவோடு சேர்ந்து அடுத்த வருஷம் காட்டுக்கே திரும்பி வரும். அடுப்பில் போடுங்கள்.

என்ன விதை என்று தெரிய வேண்டுமா? கொஞ்சத்தை வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். அசல் கடுகு உருண்டையாக வழுவழுப்பாக இருக்கும். நாய்க்கடுகு விதை பழுப்பும் கறுப்புமாக, சுருண்ட நத்தை ஓடு மாதிரி, குறுக்கே சுருக்கம் சுருக்கமாக இருக்கும். நகத்தால் தடவினால் சொரசொரப்பு தெரியும். இதனால் பயப்பட ஒன்றும் இல்லை. உத்தரகாண்ட் மலைப்பக்கத்தில் ஜக்யா என்று பெயர் சொல்லி இதே விதையைத்தான் எண்ணெயில் தாளிக்கிறார்கள்.

பயப்பட வேண்டியது பிரமதண்டு விதைக்கு. குடியோட்டிப் பூண்டு என்றும் சொல்வோம். தரிசிலும் ரோட்டோரத்திலும் மஞ்சள் பூவோடு நிற்கும். இலையெல்லாம் முள், இலை நரம்பில் வெள்ளை படர்ந்திருக்கும், ஒடித்தால் மஞ்சள் பால் வரும். செடியைப் பார்த்தால் யாரும் ஏமாற மாட்டார்கள், விதையில்தான் ஏமாறுவார்கள். கறுப்பாக, கடுகு அளவில், மேலே சொரசொரப்பாக இருக்கும். ஒரு விதையை நசுக்கிப் பாருங்கள். கடுகுக்கு உள்ளே மஞ்சள், பிரமதண்டுக்கு உள்ளே வெள்ளை. 1998-இல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு எண்ணெய் கலந்ததால் உடம்பு வீங்கி 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதனால் சந்தேகப்படும்படி கறுப்பு விதை எது வந்தாலும், நசுக்கிப் பார்க்காமல் சமையலுக்கோ செக்குக்கோ அனுப்ப வேண்டாம்.

பறித்துப் போட்டும் அதே இடத்தில் வருகிறது

இதற்கு நான் செய்த தப்பையே சொல்கிறேன். காய் பிடித்த செடிகளைப் பிடுங்கி, பிடுங்கியாயிற்றே என்று வரப்பிலேயே போட்டேன். கார்த்திகை வெயிலில் அவை காய்ந்தன. நாய்க்கடுகுக் காய் காய்ந்ததும் நுனியிலிருந்து இரண்டாகப் பிளந்து விதையை உதிர்க்கும். அடுத்த புரட்டாசி மழைக்கு வரப்பு நெடுகக் கோடு கிழித்த மாதிரி முளைத்து நின்றது. எங்கெங்கே குவித்தேனோ அங்கங்கே பாய் விரித்ததுபோல் முளை.

அதனால் காய் இல்லாத செடியை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், வாடி எருவாகும். காய் பிடித்துவிட்டதை மட்டும் சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோங்கள். பிடுங்கும்போது உலுக்காமல், உச்சியை ஒரு கையால் பொத்திப் பிடித்து, வேரை மறு கையால் இழுங்கள்.

இன்னொன்று, இதன் விதை எல்லாம் ஒரே மழைக்கு முளைத்துவிடாது. ஒரு பகுதி மண்ணுக்குள் தூங்கும். அடுத்த மழைக்கு ஒரு பகுதி, அதற்கடுத்ததற்கு ஒரு பகுதி என்று எழும். முதல் மழைக்கே விதைத்துவிடாமல், களை முளைக்க விட்டு, ஒரு உழவு ஓட்டி அதை அழித்துவிட்டு விதைத்தால் பாதிப் பாரம் குறையும். பருவம் தவறிவிடும் என்ற பயம் இருக்கும்தான். புரட்டாசி முதலிலேயே நல்ல மழை கிடைக்கிற வருஷத்தில் மட்டும் இதைச் செய்கிறேன்.

மருந்து அடித்தும் சாகவில்லை

அடித்த நாளைக் கேளுங்கள். பெண்டிமெத்தலின் மாதிரியான களைக்கொல்லி மருந்து முளைக்கப் போகிற விதைக்குத்தான். விதைத்த மூன்று நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது அடிக்க வேண்டும். முளைத்து நிற்கிற செடியில் அதை ஊற்றிப் பயனில்லை. முளைத்த பிறகு அடிக்கிற மருந்தும் இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தில்தான் பேசும். முழங்கால் உயரச் செடிக்குக் கைதான் மருந்து. அளவு டப்பாவில் போட்டிருப்பதுதான், கடைக்காரர் வாய்வார்த்தை இல்லை.

பக்கத்தில் பருத்தி நின்றால் ஒரு எச்சரிக்கை. சோளத்துக்கோ மக்காச்சோளத்துக்கோ 2,4-டி என்ற களைக்கொல்லி அடிக்கிறவர்கள் காற்று பருத்திப் பக்கம் வீசும்போது அடித்துவிட்டால், பருத்தி இலை வெண்டை இலை மாதிரி விரல் விரலாகச் சுருங்கிப் போகும். இதைப் பார்த்து வைரஸ் என்று நினைத்து மேலும் மேலும் மருந்து வாங்கி அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் பக்கத்துக் காட்டில் அந்த வாரம் என்ன அடித்தார்கள் என்று விசாரியுங்கள்.

இத்தனை பார்த்தும் பெயர் பிடிபடவில்லை

அப்போது செடியைக் கொண்டுபோய்க் காட்டுவதுதான் வழி. வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் காட்டலாம். எங்களுக்கு கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி பக்கம், அங்கேயும் பார்த்துச் சொல்வார்கள். பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு போக வேண்டாம், அங்கே சேருவதற்குள் அவிந்து குழைந்துவிடும். வேர், இலை, பூ, காய் நான்கும் உள்ள ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணைத் தட்டிவிட்டு, பழைய நாளிதழுக்கு நடுவே பிரித்துப் படுக்க வையுங்கள். நீளமாக இருந்தால் 'வ' மாதிரி மடக்கிக்கொள்ளலாம். ஒரு துண்டுச் சீட்டில் எந்தப் பயிருக்குள் நின்றது, கரிசலா செம்மண்ணா, விதைத்து எத்தனை நாள், எந்தத் தேதியில் பிடுங்கியது, பிடுங்கும்போது பூவுக்கு என்ன நிறம், கையில் ஒட்டியதா இல்லையா என்று எழுதி அதோடு வையுங்கள். காய்ந்த பிறகு மஞ்சளும் வெளுத்துவிடும், பசையும் போய்விடும். அந்தச் சீட்டை வைத்துத்தான் அவர்கள் பெயர் சொல்வார்கள்.